ரிவெர்ப் முன்னாலா, டிஸ்டார்ஷன் முன்னாலா?

எலெக்ட்ரிக் கிட்டாருக்கு இரண்டாவது பெடல் (காலால் அமுக்கிச் சத்தத்தை மாற்றும் சிறு பெட்டி) வாங்கிய எவருக்கும் சென்னையில் எந்த ஜாமிங் ரூமுக்குப் போனாலும் ஒரே அறிவுரைதான் கிடைக்கும்: சத்தத்தைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனை முதலில் வை, முழக்கம் சேர்க்கும் ரிவெர்பைக் கடைசியில் வை. மாற்றிப் போட்டால் எல்லாம் கொழகொழவென்று ஆகிவிடும். அறிவுரையில் தவறில்லை. ஆனால் இந்த இரண்டையும் ஒரே பெட்டிக்குள் அடைத்து, வேண்டுமென்றே ரிவெர்பை முன்னாலும் டிஸ்டார்ஷனைப் பின்னாலும் வைத்து விற்கிற பெடல்கள் இப்போது நிறைய வந்துவிட்டன. கீலி நிறுவனத்தின் லூமர் போல, டிஸ்டார்ஷனின் முரட்டு வகையான ஃபஸ்ஸையும் ரிவெர்பையும் சேர்த்தே வடிவமைத்தவையும் உண்டு. தனித்தனியாக வாங்கி ஒயரால் இணைத்துக்கொண்டால் போதாதா, எதற்கு ஒரே பெட்டி என்று கேட்பவர்கள் பலர். போதாது. ஏன் போதாது என்பதைப் புரிந்துகொள்ள, இரண்டும் சத்தத்தை என்ன செய்கின்றன என்று முதலில் பார்க்க வேண்டும்.

ரிவெர்பை எல்லோரும் காதால் அறிவோம். புது ஃப்ளாட்டில் சாமான் இறக்குவதற்கு முன்னால் கை தட்டினால் கேட்குமே, அதுதான். அந்த முழக்கம் அடங்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதற்கு 1890களின் இறுதியில் ஹார்வர்டில் வாலஸ் சபைன் என்ற இயற்பியலாளர் ஒரு சூத்திரம் கண்டுபிடித்தார். அறையின் கன அளவை 0.161 ஆல் பெருக்கி, சுவர், தரை, திரை எல்லாம் சேர்ந்து உறிஞ்சும் அளவால் வகுத்தால், ஒலி 60 டெசிபல் இறங்க ஆகும் நொடிகள் கிடைக்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடி, பத்தடி உயர அறையின் கன அளவு சுமார் 34 கன மீட்டர். சிமெண்ட் பூச்சும் டைல்ஸும் மட்டும் இருந்தால் அவை ஒலியில் 100க்கு 3 பங்கைத்தான் உறிஞ்சும் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு 3 நொடிக்குப் பக்கத்தில் வருகிறது. அதே அறையில் கட்டிலும் மெத்தையும் துணி அலமாரியும் வந்துவிட்டால் அரை நொடி, முக்கால் நொடி. ரிவெர்ப் பெடலில் டிகே என்று ஒரு குமிழ் இருக்கிறதே, அதைத் திருப்பும்போது இந்த நேரத்தைத்தான் கூட்டிக் குறைக்கிறோம்.

டிஸ்டார்ஷன் வேறு ஜாதி. சிக்னலைப் பல மடங்கு பெருக்கி, ஒரு எல்லைக்கு மேல் போகவிடாமல் வெட்டிவிடுவதுதான் அதன் வேலை. வெட்டும் வேலையைப் பெரும்பாலும் டயோடுகள் என்ற இரண்டு சிறு மின்னணுப் பாகங்கள் செய்கின்றன. சிலிக்கான் டயோடு என்றால் 0.6 வோல்ட் அளவில் வெட்டும். ஜெர்மேனியம் என்றால் அதற்கும் முன்பே, 0.3 வோல்ட்டை ஒட்டி. வெட்டுப்பட்ட அலையில் புதிதாக ஹார்மோனிக்ஸ், அதாவது மூல ஸ்வரத்தின் மடங்குகளான மேல் அதிர்வெண்கள், முளைக்கின்றன. நாம் கரகரப்பு என்று கேட்பது அதைத்தான். இவ்வளவும் பலருக்குத் தெரிந்த கதை. பலர் கவனிக்காமல் விடுவது இதன் இன்னொரு குணத்தை: டிஸ்டார்ஷன் என்பது பெரிய சத்தத்தையும் சின்ன சத்தத்தையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துகிற கருவியும்கூட.

எண்களாகப் பார்த்தால் இது தெளிவாகும். கிட்டாரிலிருந்து 100 மில்லிவோல்ட் வருகிறது, பெடல் அதை 100 மடங்கு பெருக்குகிறது என்று வைப்போம். கணக்குப்படி 10 வோல்ட் வரவேண்டும். டயோடு 0.6இல் வெட்டிவிடுகிறது. இப்போது ஸ்வரம் தேய்ந்து தேய்ந்து 50 மில்லிவோல்ட் ஆகிறது, 20 ஆகிறது, 10 ஆகிறது. வெளியே வருவது அப்போதும் அதே 0.6தான். உள்ளே வருவது 6 மில்லிவோல்ட்டுக்குக் கீழே போனால்தான் வெளியே இறக்கமே தெரியும். 100லிருந்து 6 என்பது சுமார் 24 டெசிபல் வீழ்ச்சி. அந்த வீழ்ச்சி முழுவதையும் பெடல் நம் காதிலிருந்து மறைத்துவிடுகிறது.

இதை ரிவெர்போடு சேர்த்துப் பாருங்கள். 3 நொடி ரிவெர்ப் என்றால் அதன் வால், அதாவது ஸ்வரத்துக்குப் பின் தேய்ந்துகொண்டே போகும் முழக்கம், ஒவ்வொரு நொடிக்கும் 20 டெசிபல் இறங்கும். அதற்குப் பின்னால் இந்த டிஸ்டார்ஷன் இருந்தால், முதல் 1.2 நொடிக்கு வால் இறங்குவதாகவே தெரியாது. வாசித்த ஸ்வரத்துக்குச் சமமான உயரத்தில் அது நின்று கத்தும். கெயினை, அதாவது பெருக்கத்தை, 1000 மடங்காக ஏற்றினால் அந்த 1.2 நொடி 2.2 ஆகிறது. அதற்குள் அடுத்த இரண்டு மூன்று ஸ்வரங்களை வாசித்திருப்போம், அவற்றின் வால்களும் வந்து சேர்ந்திருக்கும். பழைய ஜாமிங் ரூம் அறிவுரைக்குக் காரணம் இதுதான். ரிவெர்ப் கடைசியில் இருந்தால் கரகரப்பான ஒரு ஸ்வரம் ஒரு பெரிய மண்டபத்தில் ஒலிப்பதுபோல் இருக்கும். ரிவெர்ப் முன்னால் இருந்தால் மண்டபமே கரகரக்கும்.

சென்னையில் வளர்ந்த காதுக்கு இந்த இரண்டு வரிசையுமே பழக்கம்தான். கோயில் கல் மண்டபத்தில் நாகஸ்வரம் கேட்டிருப்போம். அந்த வாத்தியத்தின் நாதத்திலேயே மேல் ஹார்மோனிக்ஸ் மிகுதி. அப்படிப்பட்ட நாதம் பிறந்த பிறகுதான் கல் அதற்கு முழக்கம் சேர்க்கிறது. வேகமான பிருகாக்கள் தனித்தனியாகக் கேட்கும், அவற்றுக்குப் பின்னால் மண்டபம் கேட்கும். இனி ஆடி மாதத்துக்கு வாருங்கள். தெருமுனை அம்மன் கோயிலில் சவுண்ட் சர்வீஸ்காரர் மைக்கில் எக்கோவைத் தாராளமாக ஏற்றி, அந்தச் சத்தத்தை ஆம்ப்ளிஃபையரின் எல்லைக்கும் மேலே தள்ளி, குழாய் ஸ்பீக்கர் வழியாக வெளியே விடுகிறார். அறிவிப்பில் ‘பக்தகோடிகளே’ என்று வந்தால் கடைசி ‘ளே’ சொன்ன சொல்லுக்குச் சமமான சத்தத்தில் திரும்பத் திரும்ப வரும். அடுத்த சொல் அதன் மேலேயே ஏறி உட்காரும். எக்கோ முதலில், டிஸ்டார்ஷன் பின்னால். செய்தி புரியாது. ஆனால் அந்தச் சத்தத்துக்கு ஒரு வேகமும் பரப்பும் உண்டு, தெருவே திருவிழாவாக மாறுவதில் அதற்கும் பங்கு உண்டு. நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. பேச்சுக்கு உதவாத அந்த வரிசை இசைக்கு உதவும் என்றுதான் சொல்கிறேன்.

இசையில் அது புதிதும் இல்லை. ஃபெண்டர் நிறுவனம் 1961இல் தனி ரிவெர்ப் பெட்டி ஒன்றை, 6ஜி15 என்ற எண்ணில், வெளியிட்டது. உள்ளே ஸ்பிரிங்குகள். சிக்னல் ஒரு முனையில் ஸ்பிரிங்கை ஆட்ட, மறுமுனையில் முழக்கமாகத் திரும்பி வரும். அந்தப் பெட்டியைக் கிட்டாருக்கும் ஆம்புக்கும் (ஆம்ப்ளிஃபையர்) நடுவில் செருக வேண்டும். ஆகவே ஆம்பைச் சத்தமாக வைத்து அதன் வால்வுகள் டிஸ்டார்ட் ஆகத் தொடங்கினால், ரிவெர்பும் சேர்ந்தே டிஸ்டார்ட் ஆகும். கலிஃபோர்னியாவின் சர்ஃப் இசையில் கேட்கும் சொட்டச் சொட்ட நனைந்த கிட்டார் நாதத்தில் இந்த வரிசைக்கும் பங்கு உண்டு. 1963இல் வைப்ரோவெர்ப் ஆம்பில் ஃபெண்டர் ரிவெர்பை உள்ளேயே வைத்துவிட்டது. அதற்குப் பிறகு வரிசையைப் பற்றி வாசிப்பவர் யோசிக்க வேண்டிய தேவையே பெரிதாக இல்லாமல் போயிற்று.

மறுபடி யோசிக்க வைத்தவர்கள் எண்பதுகளின் இறுதியில் வந்த ஷூகேஸ் (கிட்டார் சத்தத்தை அடுக்கடுக்காகப் பரப்பும் ராக் வகை) இசைக்குழுக்கள். டப்ளினில் தொடங்கிய மை பிளடி வாலன்டைன் குழுவின் கெவின் ஷீல்ட்ஸ், யமஹா எஸ்பிஎக்ஸ்90 போன்ற டிஜிட்டல் கருவிகளின் ரிவர்ஸ் ரிவெர்பைப் பயன்படுத்தினார். ரிவர்ஸ் ரிவெர்பில் வால் சின்னதாகத் தொடங்கிப் பெரிதாக வளரும். விரல் தட்டும் சத்தம் மறைந்து, ஸ்வரம் எங்கிருந்தோ பொங்கி வருவதுபோல் இருக்கும். 1987இல் பாஸ் நிறுவனம் ஆர்வி-2 என்ற டிஜிட்டல் ரிவெர்பை ஒரு சிறிய கால் பெடலுக்குள் அடக்கிய பிறகு, அதைத் தூக்கி வரிசையில் எங்கே வேண்டுமானாலும் வைத்துப் பார்க்கலாம் என்றாகிவிட்டது. இன்றைய சேர்க்கைப் பெடல்கள் அந்தச் சோதனைகளின் வாரிசுகள்.

அப்புறம், நம் ஊர்க் காதுக்கு மிகவும் சுவையான பகுதி. டிஸ்டார்ஷனுக்குள் இரண்டு ஸ்வரங்கள் சேர்ந்து போனால் அவற்றின் ஹார்மோனிக்ஸ் மட்டும் வருவதில்லை. இரண்டின் அதிர்வெண்களும் கூடியும் கழிந்தும் புது ஸ்வரங்கள் பிறக்கின்றன. ரிவெர்ப் முன்னால் இருந்தால் ஒற்றை ஸ்வரமாக வாசித்தாலும் இதே கதைதான், ஏனென்றால் முந்தைய ஸ்வரத்தின் வால் இன்னும் உள்ளே இருக்கிறது. ஸட்ஜம் 200 ஹெர்ட்ஸ், பஞ்சமம் 300 என்று கொள்வோம். முதலாவதை இரட்டித்து இரண்டாவதைக் கழித்தால் 100. அது கீழ் ஸ்தாயி ஸட்ஜம். யாரும் மீட்டாமலே ஒரு மந்தர ஸட்ஜம் கீழே வந்து நின்று தாங்குகிறது. ராக் கிட்டாரில் இந்த இரண்டு ஸ்வரச் சேர்க்கையைப் பவர் கார்டு என்று கொண்டாடுவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

ஸட்ஜத்தோடு அந்தர காந்தாரம் சேர்ந்தால், 200உம் 250உம், பிறப்பவை 150உம் 300உம். இரண்டுமே பஞ்சமம், ஒன்று மந்தரத்தில், ஒன்று மத்தியத்தில். கேட்காமலே வந்த பஞ்சமம் என்றாலும் சுருதிக்குள்தான் இருக்கிறது. ஆனால் கிட்டாரின் ஃப்ரெட் கொடுக்கும் காந்தாரம் சரியாக 250 இல்லை, சுமார் 252. அதனால் பிறப்பவை 148, 304 என்று விலகி, அங்கே ஒரு உறுமல் தொடங்கிவிடும். சாதாரண காந்தாரத்துக்குப் போனால் நிலைமை இன்னும் மோசம். சுத்தக் கணக்கில் 200உம் 240உம் சேர்ந்து 160ஐயும் 280ஐயும் தருகின்றன. 160 மந்தர ஸ்தாயி சுத்த தைவதம். 280 பிரதி மத்தியமத்துக்கு அருகே, எந்த ஃப்ரெட்டுக்கும் பொருந்தாத ஓர் இடத்தில் போய் நிற்கிறது. தோடியோ கரஹரப்ரியாவோ வாசிக்கிறவருக்கு இது நேரடியான இடைஞ்சல்.

கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து வாசிப்பது, வந்தால் சிக்கல் இன்னும் கூடும். தோடி காந்தாரத்தை ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே அசைக்கும்போது, 3 நொடி ரிவெர்ப் அந்த அசைவின் எல்லா இடங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்து வைத்திருக்கும். டிஸ்டார்ஷன் அவை அத்தனையையும் ஒரே உயரத்துக்கு ஏற்றி, ஒன்றோடொன்று மோதவிடும். அசைவு தெரியாது, ஒரு பட்டை மட்டும் கேட்கும். மறுபக்கம், டிஸ்டார்ஷன் முன்னால் இருக்கும் பழைய வரிசையில் மிதமான டிஸ்டார்ஷன் கமகத்துக்கு உண்மையிலேயே நண்பன். மீட்டி வாசிக்கும் வாத்தியங்களின் பெரிய குறை நாதம் சீக்கிரம் தேய்வது. சின்ன சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும் குணத்தால், ஒரே மீட்டில் நீளமான ஒரு கமகத்தை முழுதாக முடிக்க முடிகிறது. ஆகவே கமகத்துக்குப் பழைய வரிசை, பரவி நிற்க வேண்டிய இடத்துக்கும் ஸட்ஜ பஞ்சமச் சுருதிப் பின்னணிக்கும் ரிவெர்ப் முன்னால் வரும் வரிசை என்பது என் கணிப்பு. சேர்க்கைப் பெடலைக் கர்நாடக இசைக்கு ஆகாது என்று ஒரேயடியாக ஒதுக்குகிறவர்கள் அதைக் கமகத்தில் மட்டும் சோதித்துப் பார்த்திருக்கக் கூடும்.

சரி, ஒற்றைப் பெட்டி எதற்கு என்ற கேள்வி. இரண்டு தனிப் பெடல்களை ஒயரில் வரிசையாக இணைத்தால், ரிவெர்ப் மட்டுமல்ல, வாசித்த ஸ்வரமும் சேர்ந்தேதான் டிஸ்டார்ஷனுக்குள் போக வேண்டும். வெட்டும் சர்க்யூட்டில் பெரிய சிக்னல் வைத்ததுதான் சட்டம். வாசித்த ஸ்வரம் சத்தமாக இருக்கும்வரை வால் அமுங்கிக் கிடக்கும், அது தேய்ந்ததும் வால் பொங்கி எழும். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் இந்த அமுங்கலும் பொங்கலும் நடக்கும். சிலருக்கு இதுவே பிடிக்கும். ஆனால் கட்டுப்பாடு நம் கையில் இல்லை.

ஒரே பெட்டிக்குள் வைக்கும் வடிவமைப்பாளர் சிக்னலை நுழைவாயிலிலேயே இரண்டாகப் பிரிக்கலாம். ஒரு பாதை வாசித்த ஸ்வரத்தைச் சுத்தமாக அப்படியே வெளியே கொண்டுபோகும். இன்னொரு பாதையில் ரிவெர்ப் மட்டும், மூல ஸ்வரம் துளியும் கலக்காமல், உருவாகி டிஸ்டார்ஷனுக்குள் போகும். கடைசியில் மிக்ஸ் குமிழில் இரண்டும் சேரும். விரல் பட்ட இடம் பளிச்சென்று கேட்கும், அதற்குப் பின்னால் கரகரக்கும் மண்டபம் நிற்கும். இதைத் தனிப் பெடல்களால் செய்ய வேண்டுமானால் நடுவில் ஸ்ப்ளிட்டரும் மிக்ஸரும் வேண்டும்.

அடுத்தது ஃபில்ட்டர். ரிவெர்பில் தேங்கும் கீழ்ச் சத்தம்தான் டிஸ்டார்ஷனைச் சேறாக்குகிறது. அதனால் வெட்டுவதற்கு முன்பே கீழ்ப்பகுதியைக் குறைக்க வேண்டும். இது தெரிந்த உத்திதான். புகழ்பெற்ற ட்யூப் ஸ்க்ரீமர் பெடலில் சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப்போகப் பெருக்கம் குறையும்படி சர்க்யூட் அமைத்திருக்கிறார்கள். நல்ல சேர்க்கைப் பெடலில் வெட்டுவதற்கு முன்னால் ஒரு ஃபில்ட்டர், வெட்டிய பிறகு கூர்மையைத் தணிக்க இன்னொன்று என இரண்டும் இருக்கும். விலை குறைந்தவற்றில் முதலில் காணாமல் போவது பெரும்பாலும் இந்த முன் ஃபில்ட்டர்தான்.

உள்ளே இருக்கும் பாகங்களைப் பார்த்தால் மர்மம் ஒன்றும் இல்லை. அண்ணா சாலையிலிருந்து ரிச்சி தெருவுக்குள் நுழைந்தால் பேஸ் ட்ரெபிள் போர்டு என்று விற்கிறார்களே, அதில் இருக்கும் 4558 என்ற ஐசி (சிப்) குடும்பம்தான் ட்யூப் ஸ்க்ரீமரிலும் இருக்கிறது. மைக்குக்கான எக்கோ போர்டுகளில் பார்க்கும் பிடி2399 ஐசியும் கிட்டார் உலகத்துக்கு நெருங்கிய சொந்தம். அது தருவது எக்கோதான். ஆனால் வெவ்வேறு தாமதத்தில் மூன்றைச் சேர்த்து பெல்டன் நிறுவனம் ‘பிரிக்’ என்ற ரிவெர்ப் கட்டியைச் செய்தது. பல கைவினைப் பெடல்களில் அதுதான் ரிவெர்ப். இன்னும் நுணுக்கமான ரிவெர்ப் வேண்டுமென்றால் ஸ்பின் நிறுவனத்தின் எஃப்வி-1 சிப். அலெசிஸ் நிறுவனத்தைத் தொடங்கிய கீத் பார் வடிவமைத்தது.

இந்தச் சிப்புகளின் உள்ளீட்டையே அதிகச் சத்தத்தால் மூச்சடைக்க வைத்தாலும் ஒரு டிஸ்டார்ஷன் வரும். அது டயோடின் வெட்டல்ல, எண்கள் தீர்ந்துபோவதால் வரும் முரட்டு முறிவு. காதைக் குத்தும். டிஜிட்டலிலேயே கடுமையாக வெட்டினால், சிப் கையாளக்கூடிய எல்லைக்கு மேல் போகும் ஹார்மோனிக்ஸ் மடங்கி, ராகத்துக்குத் தொடர்பில்லாத இடங்களில் வந்து விழும். அதனால்தான் ரிவெர்பை டிஜிட்டலிலும் டிஸ்டார்ஷனை அனலாகிலும் செய்கிற கலப்பு வடிவம் இவ்வகைப் பெடல்களுக்கு நன்றாகப் பொருந்துகிறது.

சென்னையில் வாங்கி வாசிப்பவர் கவனிக்க வேண்டியது மின்சாரம். 1000 மடங்கு பெருக்கும் பெட்டி, ஸ்வரத்தைப் பெருக்குவதுபோலவே 50 ஹெர்ட்ஸ் கரண்ட் ரீங்காரத்தையும் பெருக்கும். ரிவெர்ப் முன்னால் இருந்தால் அந்த ரீங்காரத்துக்கும் ஒரு வால் முளைக்கும். கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் நேரத்தில் ரீங்காரத்தின் குரலே மாறுவதைச் சில வீடுகளில் கேட்கலாம். மலிவான மொபைல் சார்ஜர் வகை அடாப்டரை விட்டுவிட்டு, நன்றாக ஃபில்ட்டர் செய்த, பெடலுக்கென்றே இருக்கும் 9 வோல்ட் அடாப்டரை வாங்குவது டயோடு எந்த வகை என்று ஆராய்வதைவிடப் பலன் தரும். நடு முனை நெகட்டிவா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கடல் காற்றில் குமிழ்களும் ஜாக்குகளும் கரகரக்கத் தொடங்கினால், அது இசைக்கான கரகரப்பு அல்ல. கான்டாக்ட் கிளீனர் போதும்.

ஃப்ளாட்டில் ஆம்ப் வைக்க முடியாமல், கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸில் செருகி ஹெட்ஃபோனில் வாசிப்பவர்கள் இன்று அதிகம். கிட்டார் ஆம்பின் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள சத்தத்தைத் தானாகவே வெகுவாகக் குறைத்துவிடும். ஹெட்ஃபோன் குறைக்காது. வீட்டில் சேர்க்கைப் பெடல் எரிச்சலாகக் கேட்டது, ஜாமிங் ரூமில் அருமையாகக் கேட்டது என்றால் காரணம் அதுதான். இன்டர்ஃபேஸில், ஆம்ப் ஸ்பீக்கரைப் போலவே சத்தத்தை மாற்றும் ஸ்பீக்கர் கேபினெட் சிமுலேஷனைப் போட்டுவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள்.

கடையில் சோதிக்கும்போது முதலில் மிக்ஸை முழுதாக ஏற்றுங்கள். வாசித்த ஸ்வரம் காணாமல் போய் வால் மட்டும் கேட்டால் உள்ளே பாதைகள் பிரிந்திருக்கின்றன என்று அர்த்தம். பிறகு மிக்ஸைப் பாதிக்கு இறக்கி, டிகேயை மிகக் குறைவாக வைத்து ஸட்ஜ பஞ்சமம் சேர்த்து மீட்டுங்கள். கீழ் ஸட்ஜம் வருகிறதா என்று கேளுங்கள். அடுத்து டிகேயைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே காந்தாரத்தை மட்டும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். அசைவு தெரியும் அதிகபட்ச டிகே எது என்று அங்கேயே குறித்துக்கொள்ளலாம். கடைக்காரர் வழக்கமாக எல்லாக் குமிழையும் கடிகார முள் இரண்டு மணி காட்டும் நிலையில் வைத்துத்தான் வாசித்துக் காட்டுவார். அந்த நிலையில் எந்தப் பெடலும் பிரமாதமாகத்தான் கேட்கும்.